ஆற்றுக்கு அக்கரையில் மருத்துவ முகாம், பல் முகாம் நடத்துவது எப்படி

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஒரு மெடிக்கல் கேம்ப் போட வேண்டும், பல்லும் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருசமும் யாராவது கேட்டு வருவார்கள். வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வரும் டொக்டர் பிள்ளைகள், பழைய மாணவர் சங்கம், கம்பஸ் பொடியன்கள், கோயில் பரிபாலன சபை என்று பல பேர். ஆசை நல்லதுதான். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது ஒரு நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம் என்பது. என்னைக் கேட்டால் அந்தக் கணக்கைக் கடைசிக்கு வையுங்கள். நீங்கள் தோணி ஏறிப் போன பிறகு, மறுநாள் காலையில் அந்தச் சனம் யாரிடம் போகும்? இதற்குப் பதில் கையில் இருந்தால்தான் என்ன மருந்து கொண்டுபோவது, எந்தப் பல்லைப் பிடுங்குவது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் தெளியும்.

முதலில் எம்.ஓ.எச். ஒபிஸ்

எந்த ஊர் என்று முடிவெடுக்கும் முன்னமே அந்தப் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரியை, அதாவது எம்.ஓ.எச்.சை, போய்ப் பாருங்கள். அனுமதிக் கடிதம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைக்குப் போக வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு அது ஒன்று. அம்பாறை மாவட்டத்தில் இரண்டு, அம்பாறை ஒன்று, கல்முனை ஒன்று. திருக்கோவில், நாவிதன்வெளிப் பக்கம் போகிறவர்களுக்குக் கல்முனை. தெரியாமல் அம்பாறைக்குப் போய் நின்றால் ஒரு நாள் வீண்.

கடிதத்தில் தேதி, இடம், செய்யப்போகும் சிகிச்சைகள், கொண்டுபோகும் மருந்துகள், கழிவை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பீர்கள், வருகிற டொக்டர்மாரின் பெயரும் இலங்கை மருத்துவச் சபைப் பதிவு இலக்கமும் இருக்கட்டும். பல் வைத்தியர்களும் அதே சபையில்தான் பதிவு. லண்டனிலோ கனடாவிலோ எவ்வளவு பெரிய ஸ்பெஷலிஸ்டாக இருந்தாலும் இங்கே தற்காலிகப் பதிவு எடுக்காமல் நோயாளியைத் தொடக் கூடாது. அதற்கு நாள் எடுக்கும், ஆகவே பிளேன் டிக்கெட் போடும்போதே அந்த வேலையையும் தொடங்கச் சொல்லுங்கள். பதிவு வராவிட்டால் அவர் பெயர் எழுதுகிற மேசையில் இருக்கலாம், அதுவும் வேலைதான்.

ஊரைத் தெரிவு செய்யும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ.யையும் மிட்வைஃபையும் கேட்காமல் விடாதீர்கள். எந்த வீட்டில் படுக்கையில் ஆள் கிடக்கிறது, யார் கிளினிக்குக்கு வராமல் விட்டார், எந்தப் பிள்ளைக்கு நிறை ஏறவில்லை என்று வீடு வீடாகத் தெரிந்தவர் மிட்வைஃப்தான். ‘அங்க மாசா மாசம் கிளினிக் நடக்குது, அங்க போகாதீங்க, இந்தப் பக்கம் வாங்க’ என்று அவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் கேளுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைச் சந்தி தூர இடமே இல்லை. அப்படியிருந்தும் ரோட்டு நல்லம் என்பதற்காகவே இன்னும் பலர் அங்கே கேம்பை வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். கிரானுக்கு மேற்கே பொண்டுகள்சேனை, கோராவெளி, முறுத்தானை, வாகரையில் வெருகலாற்றுப் பக்கம், திருக்கோவிலில் உள்ளே கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம், இப்படியான இடங்களுக்குப் போவதற்குத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம்.

எந்த மாதம், எந்த நாள்

ஐப்பசி பின்பாதி தொடங்கித் தை வரைக்கும் மாரி. கிரான் புலிபாய்ந்தகல் வீதியை வெள்ளம் மூடினால் அந்தப் பக்கத்துச் சனத்துக்குப் படகுதான் வழி. அந்த நேரம் போவது வெள்ள நிவாரண வேலை, அது எம்.ஓ.எச். சொல்லும்படி அவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டியது, முகாம் அல்ல. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வரும். அப்போது ஆம்பிளைகள் வயல் வட்டையில், வீட்டில் கிழவிகளும் பிள்ளைகளும்தான். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் ஊரே கோயிலில் நிற்கும், யாரும் பல்லுப் பிடுங்க வாய் திறக்க மாட்டார்கள். ஆவணியில் மண்டூர்த் திருவிழா. முஸ்லிம் ஊர் என்றால் வெள்ளிக்கிழமையும் நோன்பு மாதமும் வேண்டாம். இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் சித்திரைக் கடைசியும், ஆனி ஆடியில் சில சனி ஞாயிறும், புரட்டாதியும் மிஞ்சும். நாளை நீங்களாக முடிவெடுக்காமல் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு எல்லாரையும் ஒருக்கா இருத்திக் கதைத்துக் கேளுங்கள். பிளேன்டீ செலவோடு முடிகிற வேலை.

ஆறு கடக்கிற கதை

பாதை, அதாவது ஆளையும் வண்டியையும் ஏற்றிக் கடத்துகிற மிதவை, ஓடுகிற துறை என்றால் அது எத்தனை மணிக்குத் தொடங்கும், எத்தனை மணிக்கு நிற்கும், ஜெனரேட்டரை ஏற்ற விடுவார்களா என்று முதல் நாளே போய்ப் பார்த்துக் கேளுங்கள். வள்ளம் என்றால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், வள்ளக்காரருக்கும் சேர்த்து. அவர் சிரிப்பார், பரவாயில்லை. சாமான்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில் போட்டு டேப் ஒட்டுங்கள். மருந்தை ஒரே வள்ளத்தில் ஏற்றாதீர்கள், ஒவ்வொரு வகையிலும் பாதி பாதியாக இரண்டு வள்ளத்தில் பிரித்தால் ஒன்று தாமதித்தாலும் நனைந்தாலும் வேலை தொடங்கலாம். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் காலையிலேயே கடந்துவிடுவது நல்லது. அக்கரையில் லாண்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஒன்று காத்து நிற்க ஒழுங்கு செய்யுங்கள், ஆயுதங்களை நீராவியில் கிருமி நீக்குகிற ஒட்டோகிளேவைத் தோளில் சுமந்து மணலில் நடக்கிற ஆசை யாருக்கும் வேண்டாம். முதலை இருக்கிற ஆறு என்றால் தொண்டர்களை இறங்கிக் குளிக்க விடாதீர்கள், டவுன் பொடியன்களுக்குத் தண்ணியைக் கண்டால் புத்தி நிற்காது. பின்னேரம் நாலு மணிக்கெல்லாம் பெட்டி கட்டிவிட வேண்டும், பொழுதுபட்டால் யானை ரோட்டுக்கு வரும்.

நம்பரும் வரிசையும்

பாடசாலை மண்டபம் அல்லது பலநோக்குக் கட்டடம் போதும். தண்ணீரும் கக்கூசும் இருக்கிறதா என்பதை மட்டும் நேரில் பாருங்கள். பொம்பிளைகளைப் பரிசோதிக்கிற மூலையைச் சாரித் துணியாலோ படங்காலோ முழுதாக மறைத்து, அங்கே ஒரு லேடி டொக்டர் இருக்கட்டும். அவர் இல்லாவிட்டால் நேர்ஸ் ஒருவராவது கூடவே நிற்க வேண்டும்.

நம்பர் கொடுப்பதுதான் கரைச்சல் பிடித்த வேலை. காலையில் வாசலில் நின்று கொடுத்தால் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிற பக்கத்து ஊர்க்காரர் ஆறு மணிக்கே வந்து முடித்துவிடுவார், எட்டுக் கட்டை நடந்து வருகிற பெத்தாச்சிக்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே முதல் நாளே கிராம சேவகரான ஜீ.எஸ்.சும் மாதர் சங்கமும் வீடு வீடாகக் கொடுக்கட்டும். கொஞ்சத்தை மட்டும் சும்மா வருகிறவர்களுக்கு ஒதுக்கி வையுங்கள். கோயில் ஸ்பீக்கரில் அறிவிக்கும்போது மூன்று விசயம் கட்டாயம் சொல்லப்பட வேண்டும். கிளினிக் கொப்பியைக் கொண்டு வாருங்கள். குடிக்கிற குளிசை எல்லாவற்றையும் உறையோடு கொண்டு வாருங்கள். பல்லுப் பிடுங்க வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் ஊசி போடப் போகிறார்கள் என்று வெறும் வயிற்றோடு வந்து, கதிரையில் ஏறினதும் தலைசுற்றி விழுவார்கள்.

பிறஷர் பார்க்கிற மேசையில் அவசரம் கூடாது. வெயிலில் நடந்து வந்தவரை ஐந்து நிமிசம் இருத்தி, வெற்றிலையைத் துப்பச் சொல்லி, பிறகு பாருங்கள். 140/90க்கு மேல் வந்தால் கொஞ்ச நேரத்தில் இன்னொரு தரம். ஒரு நாள் கூடினதை வைத்துக்கொண்டு உங்களுக்குப் பிறஷர் என்று முத்திரை குத்தி மாதக் குளிசை கொடுத்துவிடாதீர்கள், கிளினிக்குக்கு அனுப்பும் துண்டு (பரிந்துரைக் கடிதம்) எழுதுங்கள். 180/110க்கு மேலே நின்று, நெஞ்சு நோவோ பார்வை மங்கலோ கடும் தலையிடியோ இருந்தால் அவருக்கு முகாம் அத்தோடு முடிந்தது, நேரே ஆஸ்பத்திரி. சீனிக்கும் அப்படித்தான். சாப்பிட்டு வந்தவருக்கு 200க்கு மேல் காட்டி, தாகம், அடிக்கடி மூத்திரம், மெலிவு என்று அடையாளமும் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி. அடையாளம் இல்லாவிட்டால் வெறும் வயிற்றில் திரும்பப் பார்க்கும் வரைக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள். பெரும்பாலான ஸ்ட்ரிப்களுக்கு 30 பாகைக்கு மேல் சூடு ஆகாது, நம்மூர்ச் சித்திரை வெயிலைச் சொல்லவே வேண்டாம்.

டொக்டரிடம் வருகிற முறைப்பாட்டில் நாரி நோ, முழங்கால் நோ, கைகால் உளைவு எல்லாம் முன்னுக்கு நிற்கும். வயலில் குனிந்த முதுகு, நோகாமல் என்ன செய்யும். ‘நோவுக்கு நல்ல குளிசையா ஒண்டு தாங்க’ என்று கேட்பார்கள், டைக்ளோஃபெனக் போட்டுக் கொடுப்பதும் சுலபம். ஆனால் அவருக்குச் சிறுநீரகம் எப்படி, பிறஷர் எப்படி, வயிற்றுப்புண் இருக்கிறதா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. காய்ச்சலோடு வருகிறவருக்கு அந்த வகையே வேண்டாம், டெங்குவாக இருந்தால் இரத்தம் கசியும், பரசிட்டமோல் மட்டும். வயல் வேலைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் என்றால் எலிக்காய்ச்சலை நினையுங்கள், அன்றைக்கே அனுப்புங்கள். விதைப்புக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தரம் 200 மில்லிகிராம் டொக்ஸிசைக்ளின் எடுக்கிற தடுப்பு முறை இருக்கிறது, அது பி.எச்.ஐ. மூலம் கிடைக்கும் என்பதைக் கமக்காரர் அமைப்பிடம் சொல்லிவிட்டு வந்தாலே பாதி முகாம் நடந்த மாதிரி.

கண் டொக்டர் வராவிட்டாலும் வாசிப்புக் கண்ணாடி ஒரு பெட்டி கொண்டு போங்கள், பவர் ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும். நாற்பது தாண்டியவர்களுக்கு எழுத்து அட்டை நீட்டாதீர்கள், வாசிக்கத் தெரியாதவர் வெட்கப்பட்டு எல்லாம் தெரியுது என்பார். சுளகில் ஒரு பிடி அரிசியும் நாலைந்து சின்னக் கல்லும் போட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். எந்தக் கண்ணாடியில் கல் கைக்கு வருகிறதோ அதுதான் அவருடையது. தூரமும் மங்கல் என்றால் வெண்புரையாக இருக்கலாம், கண் கிளினிக்குக்குத் துண்டு.

பல் கதிரை

கூட்டம் முழுக்க இங்கேதான் நிற்கும். என்ன செய்வோம், என்ன செய்ய மாட்டோம் என்பதை வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டு வாருங்கள். பல்லுப் பிடுங்கலாம். சூத்தையைக் கையாயுதத்தால் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனமர் சிமெந்தால் அடைக்கலாம், இதற்குக் கரண்டும் வேண்டாம் ட்ரில்லும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் சூத்தைக்குச் சில்வர் டயமின் புளோரைட் பூசலாம். ஊசி இல்லை, நோவு இல்லை, சூத்தை பரவாமல் நிற்கும். ஒரே ஒரு குறை, பூசின இடம் கறுத்துவிடும். கறுத்த பல்லின் படத்தைத் தாய்க்கு முதலே காட்டிச் சம்மதம் கேளுங்கள், பூசின பிறகு விளக்கம் சொன்னால் பிள்ளையின் பல்லைப் பழுதாக்கிவிட்டார்கள் என்ற கதைதான் ஊரில் நிற்கும். வேர்ச் சிகிச்சை, முரசுக்குள் (ஈறுக்குள்) புதைந்த ஞானப்பல், பொய்ப்பல் கட்டுவது எதையும் தொடாதீர்கள். இதெல்லாம் திரும்பத் திரும்பப் போக வேண்டிய வேலை, நீங்களோ ஒரு நாள் விருந்தாளி.

‘எல்லாத்தையும் பிடுங்கி விடுங்க டொக்டர், இனி எப்ப வருவீங்களோ’ என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இன்றைக்கு நோகிற பல் எது என்பதிலிருந்து தொடங்குங்கள், ஒரே நாளில் இரண்டு பக்கமும் பிடுங்கினால் அவர் எதை வைத்துச் சோறு சாப்பிடுவது? அடைத்துக் காப்பாற்றக்கூடிய பல்லுக்கு ஆஸ்பத்திரிப் பல் பிரிவுக்குத் துண்டு கொடுப்பதுதான் முறை. ஆனால் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போகும் என்பதால் அவர் போகவே போவதில்லை என்றால் அதையும் வெளிப்படையாகக் கேட்டு, அவரோடு சேர்ந்து முடிவெடுங்கள். பிடுங்கவே கூடாது என்று புத்தகம் பேசுகிற டொக்டரும் பாவம், எல்லாவற்றையும் பிடுங்குகிற டொக்டரும் பாவம்.

ஆயுதக் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும். இடுக்கி, நெம்பி, கண்ணாடி, குத்தூசி, சிறிஞ்ச் எல்லாம் சேர்ந்தது ஒரு செட். எத்தனை செட் கிருமி நீக்கிப் பொதி கட்டியிருக்கிறீர்களோ அத்தனை பேருக்குத்தான் அன்றைக்குப் பிடுங்கலாம். முதல் நாளே ஆஸ்பத்திரியில் கேட்டு ஒட்டோகிளேவ் பண்ணிக் கொண்டு போவதுதான் கரைச்சல் இல்லாத வழி. அங்கே வைத்துச் செய்வதென்றால் 121 பாகையில் 15 நிமிசம், அல்லது 134 பாகையில் 3 நிமிசம். சூடேறுவதும் காய்வதும் கழுவித் துடைப்பதும் சேர்ந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு மணித்தியாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஜெனரேட்டர் பெற்றோலும் அதற்கேற்றபடி. பானையில் கொதிக்க வைப்பது, டெட்டோலில் ஊறப்போடுவது, ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவது எதுவுமே கிருமி நீக்கம் ஆகாது. ஹெபட்டைட்டிஸ் பி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதற்கு அந்த அளவு கவலையீனம் போதும். செட் முடிந்தால் கடை மூடியாயிற்று. வரிசையில் நிற்கிறவர்களிடம் நேரே போய்ச் சொல்லிப் பெயரை எழுதி எடுங்கள்.

கதிரையில் ஏற்றும் முன் நாலு கேள்வி. பிறஷர், சீனி, இருதய வருத்தம் ஏதும் உண்டா? இரத்தம் கரைக்கிற குளிசை குடிக்கிறாரா? எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? பொம்பிளையென்றால் பிள்ளை வயிற்றிலா? வாஃபரின் எடுப்பவருக்கு, இரத்தம் உறைகிற நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பார்க்காமல் கை வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான். அஸ்பிரின் எடுப்பவரிடம் அதை நிற்பாட்டச் சொல்லியும் அனுப்பாதீர்கள். முகம் வீங்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கக் கஷ்டப்படுகிறவர் வந்தால் அது பல்லுக்குத்து அல்ல, உயிர் விசயம். வள்ளத்தை எடுத்து உடனே அனுப்புங்கள்.

பிடுங்கின பிறகு பஞ்சுத்துணியைக் கடிக்க வைத்து அரை மணித்தியாலம் உங்கள் கண் முன்னால் ஒரு வாங்கில் இருத்துங்கள். அந்த வாங்குக்கென்றே ஒரு தொண்டர் வேண்டும். அன்றைக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, துப்பக் கூடாது, வெற்றிலை, சுருட்டு, சாராயம் எதுவும் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. மறுநாளிலிருந்து இளஞ்சூட்டு உப்புத் தண்ணீர். இரத்தம் வந்தால் சுத்தமான துணியை மடித்துத் திரும்பக் கடிக்கச் சொல்லுங்கள், அதற்கும் நிற்காவிட்டால் அழைக்க ஒரு போன் நம்பர். கடைசிப் பல், கடைசி வள்ளம் புறப்படுவதற்கு இரண்டு மணித்தியாலமாவது முன்னால் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு எந்தப் பெரிய மனிதர் வந்து கேட்டாலும் இல்லை என்றால் இல்லை. முடியுமென்றால் டொக்டரோ நேர்ஸோ ஒருவர் அன்றிரவு ஊரில் தங்கட்டும். இரத்தக் கசிவு பெரும்பாலும் இரவில்தான் ஆளைப் பயப்படுத்தும்.

பிள்ளைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அழுகிற பிள்ளையை அமத்திப் பிடித்துப் பிடுங்காதீர்கள், அந்தப் பிள்ளை வளர்ந்து தாயான பிறகும் பல் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காது. பிறகு, பல் முழுக்க வெள்ளைக் கோடும் கபிலக் கறையுமாக வருகிற பிள்ளையிடம் பல்லுத் தீட்டுறதில்லையா என்று ஏசாதீர்கள். உலர் வலயத்தில் சில குழாய்க் கிணறுகளில் புளோரைட் கூட, அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எவ்வளவு தீட்டினாலும் கறை போகாது. ஒரே கிணற்றுப் பிள்ளைகள் பல பேருக்கு அப்படி இருந்தால் பி.எச்.ஐ.யிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள், குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லீட்டருக்கு 1.5 மில்லிகிராம். பற்பசை மூன்று வயதுக்குக் கீழே அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி பிரஷ் முழுக்க நீட்டத் தேவையில்லை.

வெற்றிலை போடுகிற வாய்

பல் நோகாதவர்களின் வாயையும் பாருங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை ஆம்பிளைகளுக்கு வருகிற புற்றுநோயில் முன்னுக்கு நிற்பது வாய்ப்புற்றுநோய். இங்கே படுவான்கரையில் வெற்றிலைத் தட்டு இல்லாத வீட்டுத் திண்ணையைக் காண்பது கஷ்டம். ஒரு டோர்ச், மரக் குச்சி, ஆளுக்கு இரண்டு நிமிசம், அவ்வளவுதான் செலவு.

முதலில் தண்ணீர் கொடுத்து நன்றாகக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், வெற்றிலைச் சிவப்பு எல்லாவற்றையும் மறைக்கும். பிறகு எந்தக் கன்னத்தில் ஒதுக்குவீர்கள் என்று கேளுங்கள். கை தானாக அந்தப் பக்கம் போகும், அங்கே தொடங்குங்கள். கன்னத்தின் உள்பக்கம், கீழுதட்டுக்கும் முரசுக்கும் இடை, நாக்கின் இரண்டு ஓரம், நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடி. துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரிச் சிவந்த திட்டு, இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், தடித்த கட்டி, இவற்றில் ஒன்று கண்டாலும் துண்டு. அவருடைய விரல் மூன்றைச் சேர்த்து நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்கச் சொல்லுங்கள். நுழையாவிட்டால் உள்ளே தசை இறுகத் தொடங்கியிருக்கலாம். ‘காரம் பட்டா எரியுது மகன், மற்றப்படி ஒண்டுமில்ல’ என்று சொல்கிறவரை இரண்டாம் தரம் பாருங்கள், அந்த எரிச்சலும் ஒரு அடையாளம். நோகாததால்தான் இதைத் தேடி யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை.

கண்டதும் வரிசைக்கு முன்னால் வைத்துப் புற்றுநோய் என்ற சொல்லை எடுக்காதீர்கள். தனியே கூப்பிட்டு, இது இன்னொரு டொக்டர் பார்க்க வேண்டிய திட்டு, இந்தக் கிழமைக்குள் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும், இன்ன நாள் இன்ன ஆள் உங்களோடு வருவார் என்று சொல்லுங்கள். வெற்றிலையைப் பற்றிப் பிரசங்கமும் வேண்டாம். வெற்றிலை வைத்து அழைக்கிற ஊரில் அதை விடுங்கள் என்றால் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய் ஒரு வாய் போடுவார்கள். ‘பெத்தா, பொயிலையக் குறைச்சுப் பாருங்க, வாய்க்க வெச்சிக்கிட்டு மட்டும் படுக்காதீங்க’ என்று தொடங்கினால் காது கொடுப்பார்கள். புகையிலை சேர்க்காமல் பாக்கு மட்டும் மென்றால் ஒன்றும் செய்யாது என்பது பொய், பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. பொடியன்கள் வாங்கித் தின்கிற பாக்குப் பக்கெட்டுகளைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுங்கள்.

மருந்து மேசை

சூட்கேசில் மருந்து கொண்டுவர வேண்டாம். வெளிநாட்டிலிருந்து மருந்து இறக்கத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், மற்றது ஜெர்மன் எழுத்தில் பெயர் போட்ட பெட்டியை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் கிளினிக் டொக்டர் என்ன செய்வார்? இங்கே ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிற மருந்தையே வாங்குங்கள், பட்டியல் சின்னதாக இருக்கட்டும். பிறஷர், சீனிக் குளிசைகளை அடுத்த கிளினிக் நாள் வரைக்கும் மட்டும் கொடுங்கள். மூன்று மாதத்துக்கு அள்ளிக் கொடுத்தால் மூன்று மாதம் அவர் கிளினிக்குப் பக்கம் போக மாட்டார். உறையில் எழுத்தோடு சூரியன், உச்சி வெயில், பிறை என்று படமும் கீறி, எத்தனை குளிசையோ அத்தனை புள்ளி வையுங்கள். கொடுத்த பிறகு, எப்படிக் குடிப்பீர்கள் என்று அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

அவசரமும் கழிவும்

ஊசி போடுகிற இடத்தில் அட்ரீனலின் இல்லாமல் ஒரு நிமிசமும் இருக்கக் கூடாது. ஒவ்வாமையில் ஆள் மூச்சுத் திணறி விழுந்தால் பெரியவர்களுக்கு 1/1000 அட்ரீனலின் 0.5 மில்லிலீட்டர் தொடைத் தசையில், அதை யார் போடுவார் என்று காலையிலேயே பெயர் சொல்லி வையுங்கள். ஒக்சிசன், குளுக்கோஸ், படுக்க வைக்க ஒரு பாய். 1990 என்ற நம்பருக்கு அழைத்தால் வருகிற அம்புலன்ஸ் துறைவரைக்கும்தான் வரும், ஆகவே எஞ்சின் பூட்டிய வள்ளம் ஒன்று வள்ளக்காரரோடு பின்னேரம் வரை துறையிலேயே நிற்க வேண்டும், இடையில் மீன் பிடிக்கப் போகாமல் இருக்க அவருக்கு நாள் கூலி கொடுங்கள். எந்த போனுக்கு அங்கே சிக்னல் வருகிறது என்பதையும் முதல் பயணத்திலேயே பார்த்துவிடுங்கள்.

ஊசிகள் குத்தித் துளைக்க முடியாத பெட்டியில், முக்கால் நிறைந்ததும் மூடிவிட வேண்டும். இரத்தப் பஞ்சு, பிடுங்கின பல் எல்லாம் மஞ்சள் பையில். வள்ளத்தில் கொண்டு போனது ஒன்றுகூட அக்கரையில் நிற்காமல் திரும்பி வந்து, முன்பே கதைத்து வைத்த ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். பள்ளிக்கூட வளவில் குழி வெட்டிப் போட்டால் திங்கட்கிழமை பிள்ளைகள் சிறிஞ்சோடு விளையாடும்.

படம் எடுப்பது பற்றி ஒரு வரி. வாய் திறந்து கிடக்கிற மனிசனைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பேனரும் திறப்பு விழாப் பேச்சும் வேண்டவே வேண்டாம், காலை இரண்டு மணித்தியாலம் அதில் போனால் கடைசியில் இருபது பேர் பார்க்கப்படாமல் திரும்புவார்கள்.

திரும்பி வந்த பிறகு

அன்றிரவே பதிவுக் கொப்பியிலிருந்து மூன்று பட்டியல் எடுங்கள். அன்றைக்கே அனுப்பப்பட்டவர்கள், ஒரு கிழமைக்குள் போக வேண்டியவர்கள், அடுத்த கிளினிக்குக்குப் போக வேண்டியவர்கள். அவர்களுடைய சம்மதத்தோடு ஒரு பிரதி எம்.ஓ.எச்.சிடம் போக வேண்டும். ஊரில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். மாதர் சங்கத்தில் கெட்டிக்காரப் பெண் ஒருவர் கட்டாயம் இருப்பார், போன் காசும் பஸ் காசும் அவரிடம் கொடுத்து வையுங்கள். முகாமுக்குச் சேர்த்த காசில் ஒரு பங்கை இதற்கென்று முதலே ஒதுக்குங்கள், சாப்பாட்டுப் பார்சலைக் குறைத்தாவது. வாயில் திட்டுக் கண்டவர்களைத் தனியே போகச் சொன்னால் போக மாட்டார்கள், ஒரே நாளில் சேர்த்து ஒரு வான் பிடித்துக் கூட்டிப் போய், கிளினிக் வாசலில் நம்பர் எடுத்துக் கொடுத்து, பின்னேரம் துறையில் கொண்டுவந்து விடுங்கள்.

இரண்டு கிழமை கழித்து மூன்று நாலு பேர் மட்டும் திரும்பப் போங்கள். பல்லுப் பிடுங்கினவர்களுக்குப் புண் ஆறியதா, அடைத்தது நிற்கிறதா, துண்டு வாங்கினவர்கள் போனார்களா என்று வீட்டு வாசலில் நின்று கேளுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே போனார், போகவில்லை, ஏன் போகவில்லை என்று எழுதுங்கள். பஸ் இல்லை, கூலி போகும், பயம், கூட்டிப் போக ஆள் இல்லை என்று எதுவாக இருந்தாலும் அவர்கள் சொன்ன மாதிரியே எழுதுங்கள். அடுத்த முகாமுக்கு அனுமதி கேட்டு எம்.ஓ.எச். ஒபிசுக்குப் போகும்போது அந்தத் தாளையும் கடிதத்தோடு சேர்த்துக் கொடுங்கள்.